கருவிக்கும் ஊருக்கும் நடுவே ஓர் ஆள்

தென்சீமைச் செய்தி வழிகள் – 12

திருநெல்வேலியிலிருந்து நாங்குநேரி, வள்ளியூர், பணகுடி, காவல்கிணறு என்று தெற்கே இறங்கி ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குள் நுழையும் சாலையில் தபால் ஓட்டக்காரர்கள் பை சுமந்து ஓடிய காலத்தைச் சென்ற இதழில் பார்த்தோம். அதே சாலையோரத்தில் இன்று செல்போன் டவர்கள் நிற்கின்றன. இடைப்பட்ட காலத்தில் கடிதம், தந்தி, செய்தித்தாள், வானொலி, தொலைபேசி எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக இந்தச் சாலை வழியேதான் வந்து சேர்ந்தன. எது எந்த ஆண்டில் வந்தது என்று பட்டியல் போடுவது எளிது. வந்த கருவியை வள்ளியூர் போன்ற ஒரு சந்தையூரும் அதைச் சுற்றிய சிற்றூர்களும் எப்படித் தம்முடையதாக்கிக்கொண்டன என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி. இந்த இதழில் அதற்கு என் விடையை முன்வைக்கிறேன். புதிய தொடர்புக் கருவி எதையும் இந்தச் சீமை நேரடியாக ஏற்றுக்கொண்டதில்லை. கருவிக்கும் தனக்கும் நடுவே ஓர் ஆளை நிறுத்தி, அவர் வழியாகவே ஏற்றுக்கொண்டது. அந்த ஆள் எல்லாருக்கும் பொதுவானவராகவும், தவறினால் தட்டிக் கேட்கக்கூடியவராகவும் இருந்த இடத்தில் கருவி ஊருக்குப் பயன்பட்டது. அப்படி ஒருவர் இல்லாத இடத்தில், ஏற்கெனவே வசதியும் படிப்பும் உள்ளவர்களுக்கு மட்டும் பயன்பட்டது.

ஆள் இல்லாமல் கருவி மட்டும் வந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் ஆற்றங்கரையிலேயே தக்க சான்று உண்டு. தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னைக்காயல், இந்திய அச்சு வரலாற்றின் மிகப் பழைய இடங்களில் ஒன்று. போர்த்துக்கீசிய ஏசு சபைப் பாதிரியாரான அண்டிரிக் அடிகளாரின் ‘தம்பிரான் வணக்கம்’ 1578இல் கொல்லத்தில் தமிழ் எழுத்தில் அச்சானது. அவருடைய ‘அடியார் வரலாறு’ 1586இல் புன்னைக்காயலிலேயே அச்சானது. இந்தியாவின் பெரும்பாலான பகுதிகள் அச்சு எழுத்தைக் கண்ணால் காணாத காலம் அது. ஆனால் அதே ஆற்றின் கரையில், ஒரு பகல் நடைத் தூரத்தில் இருக்கும் ஆழ்வார்திருநகரிக்குச் சங்க நூல் தேடி உ.வே. சாமிநாதையர் வந்தபோது, ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் கடந்திருந்தும் அங்கே கவிராயர் வீடுகளில் அவருக்குக் கிடைத்தவை ஏட்டுச் சுவடிகளே. ‘பத்துப்பாட்டு’ 1889இல்தான் அச்சேறியது. முந்நூறு ஆண்டுகளாக அச்சு ஏன் ஆற்றின் மேற்கே ஏறவில்லை? புன்னைக்காயல் அச்சகம் ஒரு சமயப் பணிக்காக, ஒரு கடற்கரைச் சமூகத்தை மனத்தில் கொண்டு நடந்தது. அதற்கு வெளியே வாசிக்கச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியரோ, நூலைச் சுமந்துவந்து விற்கும் வியாபாரியோ, அச்சான பக்கத்தைத் திண்ணையில் வைத்துப் பாடம் நடத்தும் அண்ணாவியோ உருவாகவில்லை. அண்ணாவியின் கையில் பனையோலை இருந்தது. அதற்கான எழுத்தாணியும் மனப்பாட முறையும் இருந்தன. தேரிக்காட்டில் பனைக்கும் பஞ்சமில்லை. 1835இல் அச்சகம் நடத்துவதற்கு இருந்த கட்டுப்பாடுகள் நீங்கின. பாளையங்கோட்டை, நாசரேத், இடையன்குடி வட்டாரங்களில் மிஷன் பள்ளிகள் பெருகின. வாசிக்கச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர் ஊருக்கு ஊர் வந்த பிறகுதான் அச்சு இந்தச் சீமைக்குச் சொந்தமானது.

தபால் இதற்கு நேர்மாறான கதை. 1854 அக்டோபர் முதல் நாளிலிருந்து கால் தோலா எடைக்குள் இருக்கும் கடிதம் இந்தியாவுக்குள் எவ்வளவு தூரம் போனாலும் அரையணா என்று கட்டணம் ஒரே சீரானது. 1879 ஜூலையில் காலணா கார்டு வந்தது. 1880இல் மணியார்டர் வேலை தபால் நிலையத்தின் கைக்கு வந்தது. வள்ளியூருக்கு இதில் இன்னொரு சிக்கலும் இருந்தது. ஆரல்வாய்மொழிக்கு அப்பால் திருவிதாங்கூர் ராஜ்யம். அதற்குத் தனியாக ‘அஞ்சல்’ என்ற அமைப்பு இருந்தது. 1888 முதல் அதற்குச் சொந்தத் தபால்தலையும் உண்டு. திருவிதாங்கூர் எல்லைக்குள் ஓடும் கடிதத்துக்கு ஒரு முறை, எல்லை தாண்டும் கடிதத்துக்கு வேறு முறை. சுமார் 30 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் நாகர்கோவிலில் பெண் கொடுத்து, பெண் எடுத்து வாழ்ந்த குடும்பங்களுக்குப் பக்கத்து ஊர் உறவே அயல் ராஜ்யத்துக் கடிதமாக இருந்தது. 1951இல்தான் அஞ்சல், இந்தியத் தபால் துறையோடு இணைந்தது. இவ்வளவு சிக்கலுக்கு இடையிலும் கார்டு இருபத்தைந்து, முப்பது ஆண்டுகளுக்குள் எளிய மக்களின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. 1901 கணக்கெடுப்பில் இந்திய ஆண்களில் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்குத்தான் எழுதப் படிக்கத் தெரியும். பெண்களில் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. எழுத்தே தெரியாத சமூகம் கடிதத்தை ஏற்றுக்கொண்டது எப்படி என்பதில்தான் நம் விடையின் முதல் பகுதி இருக்கிறது.

தபால்காரர் கடிதத்தைக் கொடுத்துவிட்டுப் போய்விடவில்லை; திண்ணையில் உட்கார்ந்து வாசித்துக் காட்டினார். பள்ளிக்கூடத்து வாத்தியாரும் தபால் நிலைய வாசலில் உட்கார்ந்திருந்தவரும் பதில் எழுதிக் கொடுத்தார்கள். கொழும்புக் கடைகளுக்கும் இலங்கைத் தோட்டங்களுக்கும் போன நெல்லைச் சீமைக்காரர்களின் மணியார்டர் வந்தபோது, சாட்சிக்கு ஆள் பிடித்து, கைநாட்டு வாங்கி, பணத்தை எண்ணிக் கொடுத்து, பாரத்தின் ஓரத்துண்டில் எழுதியிருந்த இரண்டு வரிச் சேதியையும் படித்துச் சொன்னவர் தபால்காரரே. சமூகமும் தன் பங்குக்குக் கார்டை வாசிக்காமலேயே வாசிக்கும் வழியைக் கண்டுபிடித்தது. கல்யாணக் கடிதத்தின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவினார்கள். சாவுச் சேதி என்றால் மூலையில் கருப்பு மை. கருப்பு மூலைக் கார்டு வந்தால் அதை வீட்டுக்குள் கொண்டுபோகாமல், வாசலிலேயே படிக்கக் கேட்டுக் கிழித்துப்போட்டார்கள். எழுத்துத் தெரியாத கிழவியும் தபால்காரர் தெருமுனையில் வரும்போதே வருவது நல்லதா கெட்டதா என்று தெரிந்துகொண்டாள். உள்ளே இருந்த வாசகமும் புதிதல்ல. மேலே பிள்ளையார் சுழி, பிறகு இவ்விடம் அனைவரும் க்ஷேமம், அவ்விடம் க்ஷேமத்துக்குப் பதில் போடவும் என்ற நடை, ஓலைக் கடிதத்தின் பழைய மரியாதை முறையைத் தொடர்ந்து வந்தது. காகிதமும் கட்டணமும் அரசு கொடுத்தவை. பழகிய முறையும் நம்பிக்கையான ஆளும் ஊர் கொடுத்தவை. இரண்டும் சேர்ந்ததால்தான் தபால் வேரூன்றியது.

தந்தி இந்த விதியை இன்னும் தெளிவாகக் காட்டுகிறது. 1855இல் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்ட தந்தி, முதலில் அரசுக்கும் வணிகருக்கும் உரிய கருவியாகவே இருந்தது. 1870இல் பம்பாயிலிருந்து கடலடிக் கம்பி வழியாக லண்டனோடு நேரடித் தொடர்பு கிடைத்த பிறகு, தூத்துக்குடியில் திருநெல்வேலிப் பருத்தியை ஏற்றுமதி செய்த கம்பெனிக்கு இங்கிலாந்துச் சந்தை நிலவரம் நாள்கணக்கில் தெரிந்தது. கரிசல் காட்டில் அதை விளைவித்த சம்சாரிக்குத் தரகர் சொன்னதுதான் விலை. கருவி ஒன்றுதான், கம்பியும் ஒன்றுதான். நடுவில் நின்ற ஆள் யாருக்காக நின்றார் என்பதைப் பொறுத்து லாபம் திசை மாறியது. தந்தி அரசின் நரம்பு என்பதை மக்கள் நன்றாகவே உணர்ந்திருந்தார்கள். வ.உ.சி. கைதான மறுநாள், 1908 மார்ச் 13 அன்று, திருநெல்வேலியில் மூண்ட எழுச்சியில் நகராட்சி அலுவலகம், காவல் நிலையம் ஆகியவற்றோடு தபால் நிலையமும் தாக்குதலுக்கு உள்ளானது. துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் இறந்தார்கள். 1942 ஆகஸ்ட் இயக்கத்தில் தந்திக் கம்பியை அறுப்பது நாடெங்கும் போராட்ட முறையாகவே ஆனது. தங்களுக்குப் பேச இடம் தராத கருவியை மக்கள் எதிரியின் ஆயுதமாகப் பார்த்தார்கள் என்பதே இதன் பொருள்.

வீடுகளுக்கு வந்த தந்தியும் அச்சத்தையே கொண்டுவந்தது. சொல்லுக்கு இவ்வளவு என்று காசு என்பதால், அவசரம் என்றால் மட்டுமே தந்தி கொடுத்தார்கள். அதுவும் ஆங்கிலத்தில் வந்தது. ‘பாதர் சீரியஸ் ஸ்டார்ட் இமீடியட்லி’ என்ற நான்கு சொல்லைப் படித்துச் சொல்ல ஊரில் இங்கிலீஷ் தெரிந்த ஒருவரைத் தேடி ஓட வேண்டியிருந்தது. தந்திச் சேவகர் தெருவுக்குள் நுழைந்ததுமே அழுகை கிளம்பிவிடும் என்பது மிகையில்லை. உறைக்குள் இருப்பது இன்னதென்று தெரியாத நிலையில், கெட்டதையே எதிர்பார்க்க மக்கள் பழகியிருந்தார்கள். கார்டில் மஞ்சள் பூசித் தன் அடையாளத்தைப் பதித்த சமூகத்தால் தந்தியில் அப்படி எதையும் செய்ய முடியவில்லை. வாழ்த்துத் தந்திக்கு எண் போட்டு அச்சடித்த வாசகங்களைத் துறை கொடுத்த பிறகுதான் கல்யாண வீட்டில் தந்திக்கு ஓரளவு இடம் கிடைத்தது. 2013 ஜூலை நடுவில் தந்திச் சேவை முடிந்தபோது நாடெங்கும் நினைவுக் கட்டுரைகள் எழுதப்பட்டன. ஆனால் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் இருந்தும் கிராமத்துக்குத் தந்தி உறவாகவில்லை. கடைசிவரை அது கேட்காமல் வந்த விருந்தாளியாகவே இருந்தது.

செய்தித்தாளும் வானொலியும் வந்தபோது நடுவில் நின்றது தனி ஆளைவிடப் பெரிய ஒன்று: ஒரு கூட்டம். காயாமொழியில் பிறந்த சி.பா. ஆதித்தனார் 1942இல் மதுரையில் ‘தினத்தந்தி’யைத் தொடங்கினார். பேச்சுத் தமிழை ஒட்டிய எளிய நடையும் பெரிய தலைப்புகளும், எழுத்துக்கூட்டிப் படிப்பவரையும் வாசகராக்கின. திருவனந்தபுரத்தில் 1951இல் டி.வி. ராமசுப்பையர் தொடங்கிய ‘தினமலர்’ 1957இல் திருநெல்வேலிக்கு வந்தது. தெற்கெல்லைத் தமிழ்ப் பகுதிகள் தமிழ்நாட்டோடு இணைந்த மறு ஆண்டு அது. இந்தத் தாள்களை விலை கொடுத்து வாங்கியவர்களைவிட டீக்கடை பெஞ்சில் காதால் கேட்டவர்கள் அதிகம். ஒருவர் உரக்கப் படிப்பார். பத்துப் பேர் கேட்பார்கள். அதில் இருவர் மறுப்பார்கள். செய்தி அங்கேயே அலசப்பட்டது. வானொலியும் அப்படித்தான். தபால் நிலையத்தில் லைசென்ஸ் கட்டி வீட்டில் வானொலிப் பெட்டி வைத்திருந்தவர் சிலரே. பஞ்சாயத்து ரேடியோவைக் கேட்டவர் பலர். இலங்கை வானொலி நம் கடற்கரையில் உள்ளூர் நிலையம்போல் ஒலித்தது. 1963இல் திருநெல்வேலியில் வானொலி நிலையம் வந்தது. கொடை விழாவில் விடிய விடிய நடந்த வில்லுப்பாட்டு, நெல்லைச் சீமையில் பிறந்த சுப்பு ஆறுமுகம் போன்றவர்கள் வழியாக வானொலிக்குள் நுழைந்து, காந்தி கதையும் சொன்னது. குடும்ப நலமும் சொன்னது. 1960களில் தஞ்சையில் ஆடுதுறை 27 என்ற புதிய ரகத்தை விவசாயிகள் ‘ரேடியோ நெல்’ என்றே அழைத்தார்கள் என்பது வேளாண் வரலாற்றில் பதிவான செய்தி. வானொலி சொன்னதை உழவர் மன்றத்தில் கூடிப் பேசி, வேளாண் அலுவலரிடம் கேட்டு, பக்கத்து வயலில் விளைந்ததைப் பார்த்த பிறகே அவர்கள் நாற்றைப் பாவினார்கள்.

தொலைபேசிக்கு வருவோம். டிரங்க் கால் பதிவு செய்துவிட்டு மணிக்கணக்கில் காத்திருந்த காலத்தில் வீட்டில் போன் என்பது செல்வத்தின் அடையாளம். ஆனால் அந்த ஒரு போனைத் தெருவே பயன்படுத்தியது. கல்யாணப் பத்திரிகையிலும் கடை விலாசச் சீட்டிலும் எண்ணைப் போட்டு, பக்கத்தில் ‘பி.பி.’ என்று அச்சிட்டார்கள். எண் பக்கத்து வீட்டுக்காரருடையது. கூப்பிட்டால் ஆள் அனுப்பி வரவழைப்பார்கள் என்று பொருள். அப்படி ஒரு ஏற்பாட்டைத் தொலைபேசித் துறை வகுக்கவில்லை, தெரு வகுத்தது. 1984இல் அரசு சி-டாட் நிறுவனத்தை அமைத்த பிறகு சிற்றூருக்கு ஏற்ற சிறிய எக்ஸ்சேஞ்ச் உள்நாட்டிலேயே தயாரானது. அதைத் தொடர்ந்து எஸ்.டி.டி. பூத்துகள் பஸ் நிலையம்தோறும் வந்தன. ஒதுக்கீட்டில் மாற்றுத்திறனாளிகளுக்கு முன்னுரிமை இருந்ததால், ஊரின் ஓரத்தில் தள்ளப்பட்டிருந்த பலர் ஊரின் நடுவே உட்கார்ந்தார்கள். சிறு கண்ணாடி அறை, சிவப்பு எண் ஓடும் மீட்டர், இரவு ஏற ஏறக் குறையும் கட்டணம், அதற்காகக் காத்திருக்கும் வரிசை. வளைகுடாவில் இருந்த கணவனின் நாட்டுக் குறியீட்டு எண்ணைப் பூத்துக்காரர் மனப்பாடமாக வைத்திருந்தார். இணைப்புக் கிடைத்ததும் ரிசீவரைக் கையில் கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும் நாகரிகமும் அவருக்குத் தெரிந்திருந்தது. அதுவரை கேசட்டில் குரலைப் பதிவு செய்து ஊருக்கு வருபவர் கையில் கொடுத்தனுப்பிய குடும்பங்கள், இந்தக் கண்ணாடி அறைக்குள் முதன்முறையாக உடனுக்குடன் பேசின.

இந்த விடைக்கு எதிராக எழும் மூன்று கேள்விகளுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். முதலாவது, நடுவில் நின்ற ஆள் எப்போதும் நல்லவராகவா இருந்தார்? இல்லை. கடிதத்தை வாசித்தவர் வீட்டு ரகசியத்தையும் அறிந்தார். மணியார்டரில் கைநாட்டு வாங்கியவர் சில்லறையைக் குறைத்துக் கொடுக்கவும் முடிந்தது. கணவனுக்குக் கடிதம் எழுதச் சொன்ன பெண், மாமியார் கேட்கத் தகுந்ததை மட்டுமே சொல்ல முடிந்தது. சாதி எல்லாவற்றையும்விட வலிய காவலாக நின்றது. இரட்டைக் குவளை வைத்த டீக்கடையில் செய்தித்தாள் பெஞ்சு எல்லாருக்கும் பொதுவாக இருந்திருக்க முடியாது. பஞ்சாயத்து ரேடியோ எந்தத் தெருவில் ஒலித்ததோ அந்தத் தெருவுக்கே அது முதலில் சொந்தம். இதை மறைத்து அந்தக் காலத்தைப் பொற்காலமாக எழுதுவது வரலாறாகாது. ஆனால் இந்த எதிர்வாதம் என் விடையை முறிக்கவில்லை, கூர்மையாக்குகிறது. நடுவில் ஆள் இருப்பது மட்டும் போதாது, அந்த இடம் எல்லாருக்கும் திறந்திருக்க வேண்டும். தபால்காரர் அரசு ஊழியர். அவர்மீது மேலே புகார் எழுத முடிந்தது. தரகர்மீது அப்படி யாரிடமும் போக முடியவில்லை. கடிதமும் பருத்தி விலையும் வேறுவேறு கதைகளாக முடிந்ததற்கு இதுவே காரணம். 1990களின் தொடக்கத்தில் நெல்லை மாவட்டத்திலும் நடந்த அறிவொளி எழுத்தறிவு இயக்கம் அந்த இடத்தை எல்லாருக்கும் திறக்க முயன்றது. மாலை நேரங்களில் தெருவிளக்கின் கீழ் உட்கார்ந்த தொண்டர்கள், தங்களை நம்பியே இருக்கும்படி யாரையும் வைக்கவில்லை. தன் கடிதத்தைத் தானே எழுதும் நிலைக்குக் கைபிடித்து அழைத்துப்போக முயன்றார்கள். நடுவில் நிற்பவரின் ஆகச் சிறந்த வடிவம் அது.

இரண்டாவது கேள்வி இன்னும் கடினமானது. செல்போன் வந்து நடுவில் நின்றவரை அகற்றியதே விடுதலை அல்லவா? 1997 முதல் 2001 வரை வட கேரளக் கடற்கரையில் செல்போன் டவர்கள் படிப்படியாக வந்ததை ஆராய்ந்த பொருளியலாளர் ராபர்ட் ஜென்சன், கடலிலிருந்தே பல சந்தைகளின் விலையைக் கேட்டறிந்த மத்தி மீனவர்களின் லாபம் சராசரி 8 சதவீதம் கூடியதாகவும், வாங்குவோர் கொடுத்த விலை 4 சதவீதம் குறைந்ததாகவும், விற்காமல் வீணாகும் மீன் ஏறத்தாழ இல்லாமல் போனதாகவும் 2007இல் காட்டினார். கரிசல் சம்சாரிக்குத் தந்தி தராததை மீனவருக்குச் செல்போன் தந்தது. இதை முழு மனத்தோடு ஒப்புக்கொள்ள வேண்டும். மாமியார் காதில் விழாமல் மகள் தாயோடு பேச முடிந்ததும் சிறிய மாற்றமன்று. ஆனால் அந்த மீனவர் கேட்டதும் ஒரு மனிதரைத்தான். கரையில் நின்ற, அவருக்குத் தெரிந்த வியாபாரியின் குரலை. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வீசியபோது இன்னொரு பக்கமும் தெரிந்தது. குமரிக் கடலோரத்திலிருந்து ஆழ்கடலுக்குப் போயிருந்த பல படகுகளுக்கு எச்சரிக்கை எட்டவேயில்லை. கரைக்கு அருகில் மட்டுமே வேலை செய்யும் செல்போனை நம்பிச் செய்தி அமைப்பு உருவாகியிருந்தது. ஆழ்கடலுக்குச் சேதி கொண்டுபோகும் பொறுப்பு யாருடையது என்பது தீர்மானமாகியிருக்கவில்லை. செயற்கைக்கோள் வழியே சேதி வாங்கும் கருவியை மீனவருக்குக் கொடுக்கும் முயற்சிகள் அதன் பிறகுதான் வேகம் பெற்றன. கருவி நடுவில் நிற்பவர் சிலரை விலக்கும். பொறுப்பை விலக்க முடியாது.

மூன்றாவது கேள்வி வேகத்தைப் பற்றியது. அச்சுக்கு முந்நூறு ஆண்டு கிடைத்தது. கார்டுக்கு ஒரு தலைமுறை கிடைத்தது. திருநெல்வேலிக்கு 1876இல் வந்த ரயில், வள்ளியூரைக் கடந்து நாகர்கோவிலை எட்டவே 1981 ஆனது. செல்போனோ அப்படிக் காத்திருக்கவில்லை. இந்தியாவில் முதல் செல்போன் அழைப்பு 1995 ஜூலை 31இல் நடந்தது. வரும் அழைப்புக்குக் காசில்லை என்ற நிலை 2003இல் வந்தது. 2016இல் இணையக் கட்டணம் சரிந்ததும், யு.பி.ஐ. தொடங்கியதும் ஒரே ஆண்டில் நடந்தன. இந்த வேகத்தில் நடுவில் நிற்க ஆள் உருவாக நேரம் ஏது என்று கேட்கலாம். நேரம் குறைவுதான், ஆனால் ஆள் உருவாகிக்கொண்டேதான் இருக்கிறார். ரீசார்ஜ் கடைப் பையன், ஜெராக்ஸ் கடையில் விண்ணப்பம் நிரப்பும் பெண், இ-சேவை மையத்து ஊழியர், தாத்தாவின் போனில் பணம் அனுப்பித் தரும் பேரன் எல்லாரும் பழைய கடிதம் எழுதுபவரின் வாரிசுகளே. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. அவசரத்தில் உருவாகும் ஆளுக்குப் பயிற்சியும் இல்லை, பொறுப்பும் இல்லை. கடவுச்சொல்லைத் தாளில் எழுதிக் கடைக்காரரிடம் கொடுக்கும் முதியவருக்கும், ஓ.டி.பி.யைக் கேட்டு வங்கியிலிருந்து பேசுவதாக ஏமாற்றுபவருக்கும் நடுவே இன்று காவல் எதுவும் இல்லை.

வதந்தியைப் பற்றியும் இங்கே ஒரு சொல். 1995 செப்டம்பர் 21 அன்று பிள்ளையார் பால் குடிக்கிறார் என்ற சேதி தொலைபேசி வழியே ஒரே நாளில் நாடு முழுவதும் பரவியது. ஆகவே வதந்தி வாட்ஸ்அப்போடு பிறந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் பூத்திலிருந்து பேசியவரின் குரல் கேட்டவருக்குத் தெரிந்த குரல்; பொய்யானால் மறுநாள் அவரைக் கேட்கலாம். டீக்கடையில் தவறாகப் படித்தவரைப் பக்கத்தில் இருந்தவர் திருத்தலாம். 2018இல் குழந்தை கடத்தல்காரர்கள் நடமாடுகிறார்கள் என்று செல்போனில் சுற்றிய சேதியை நம்பிய கும்பல்கள் தமிழ்நாட்டிலும் பிற மாநிலங்களிலும் அப்பாவிகளை அடித்தே கொன்றன. அந்த மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், குலதெய்வம் கும்பிட உறவினர்களோடு வந்த சென்னை மூதாட்டி இப்படித்தான் இறந்தார். அந்தச் சேதிக்கு முகம் இல்லை. அனுப்பியவர் யார் என்று கேட்க இடமில்லை. அதே ஆண்டு ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம், ஒரு சேதியை இந்தியாவில் ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி வரம்பு வைத்தது. நடுவில் நிற்க வேண்டிய மனிதர் இல்லாத இடத்தில் எந்திரத்தின் கதவைச் சற்றே சாத்த வேண்டியிருந்தது.

வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாது என்பவர்களுக்கு எதிர்ச்சான்றும் நம்மிடமே இருக்கிறது. 2020இல் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடியபோது பாடம் செல்போனுக்கும் கல்வித் தொலைக்காட்சிக்கும் போனது. வீட்டில் ஒரே போன், அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும் என்ற நிலையில் பல குழந்தைகள் எழுத்தையே மறந்தார்கள். 2021 அக்டோபரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’ புதிய செயலியைக் கொண்டு இந்த இடைவெளியை அடைக்க முயலவில்லை. ஊரில் படித்த பெண்களையும் இளைஞர்களையும் தன்னார்வலர்களாகச் சேர்த்து மாலைநேர வகுப்புகளை நடத்தியது. சுமார் 2 லட்சம் பேர் சில மாதங்களுக்குள் அந்த வேலைக்கு முன்வந்தார்கள். தபால்காரர் கதையும் முடிந்துவிடவில்லை. 2018 செப்டம்பரில் தொடங்கிய இந்திய அஞ்சல் பேமென்ட்ஸ் வங்கி வழியாக, செல்போனும் கைரேகைக் கருவியுமாக வீட்டுக்கு வரும் தபால்காரர் வங்கிக் கணக்கிலிருந்து பணம் எடுத்துத் தருகிறார். ஓய்வூதியர் உயிரோடு இருக்கிறார் என்ற சான்றையும் திண்ணையிலேயே பதிந்து தருகிறார். அன்று கைநாட்டு, இன்று கைரேகை. கேட்பாரும் பதில் சொல்வாரும் உள்ள ஓர் ஊழியர் நடுவில் நிற்கிறார் என்பதால் முதியவர்கள் அதை அச்சமின்றி ஏற்கிறார்கள்.

வள்ளியூருக்கு மேற்கே தெரியும் மலைத்தொடரின் அடிவாரத்தில், மகேந்திரகிரியில், இஸ்ரோவின் என்ஜின் சோதனைக் களம் இருக்கிறது. 2014 ஜனவரி 5இல் ஜி.எஸ்.எல்.வி. ராக்கெட் ஜிசாட்-14 என்ற தகவல்தொடர்புச் செயற்கைக்கோளை விண்ணில் நிறுத்தியபோது, அதை உந்திய உள்நாட்டுக் கிரையோஜெனிக் என்ஜின் இங்கே சோதிக்கப்பட்டதுதான். உலகின் மிக நுட்பமான தொடர்பு வேலைகளில் ஒன்று நடக்கும் இந்த மலைக்குக் கீழேயே, போனுக்கு வந்த ஆறு எண்ணைப் படித்துச் சொல்ல ஆள் தேடும் முதியவர்களும் வாழ்கிறார்கள். இதை வெட்கமாகவோ பின்தங்கலாகவோ எண்ண வேண்டியதில்லை. நாம் கண்ட வரலாற்றில் ஒவ்வொரு கருவியும் இப்படித்தான் நுழைந்திருக்கிறது. வெட்கப்பட வேண்டியது அந்த முதியவரை வழியில் கிடைத்தவரிடம் விட்டுவிடுவதற்குத்தான். ஒவ்வொரு கிளை நூலகத்திலும், கிளைத் தபால் நிலையத்திலும், ஊராட்சி அலுவலகத்திலும் செல்போன், வங்கி, அரசுச் சேவை பற்றி விளக்கவும், மோசடிச் சேதியை இன்னதென்று சொல்லவும் பயிற்சி பெற்ற ஒருவர் குறித்த நேரத்தில் உட்கார வேண்டும். அவர் பெயரும் பொறுப்பும் பலகையில் எழுதப்பட வேண்டும். எந்தத் தெருவிலிருந்து யார் வந்தாலும் ஒரே நாற்காலி போட வேண்டும். இதற்குப் பெருஞ்செலவு பிடிக்காது. கட்டடங்கள் ஏற்கெனவே உள்ளன, ஊழியர்களும் இருக்கிறார்கள். கிராம சபைக் கூட்டத்தில் இதைக் கோரிக்கையாக வைக்க இந்தத் தொடரின் வாசகர்களுக்கு உரிமை இருக்கிறது. அடுத்த கிராம சபையிலேயே கேளுங்கள்.

(தொடரும்)